வரி வேண்டாம், ரசீது வேண்டும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் தூத்துக்குடிக் கரையில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் தெருவில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியபோது அம்மா முதலில் எடுத்தது துணிமணியையோ அடுப்பையோ அல்ல. பரண்மேல் இருந்த ஒரு பிளாஸ்டிக் பையைத்தான். அதில் ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், என்னுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், அப்புறம் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு வீட்டு வரி ரசீது.

"பழைய ரசீதை எல்லாம் எதுக்கும்மா சுமக்க?" என்று கேட்டேன்.

"ஏட்டி, அதான் நம்ம வீடு இங்க இருக்குங்கதுக்குச் சாட்சி. அதும் போச்சுன்னா என்னத்தக் காட்டுவ?" என்றார்.

அம்மா முப்பது வருடம் உப்பளத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வீடு 380 சதுர அடி. ஓர் அறை, ஓர் அடுக்களை, முன்னால் தகரம் சரித்த ஒரு திண்ணை. பட்டாவுக்கு மனு கொடுத்துக் கொடுத்து அப்பா போய்ச் சேர்ந்தார், பட்டா வரவில்லை. வரி மட்டும் தவறாமல் வருகிறது. நாங்களும் தவறாமல் கட்டுகிறோம். சில அரையாண்டுகளில் கடன் வாங்கி.

நான் நகராட்சி நிதி பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். சொத்துவரி பற்றிய கட்டுரைகளில் வரி என்பது சுமையாகவோ வருவாயாகவோ மட்டுமே வரும். அம்மாவின் பிளாஸ்டிக் பை எந்தக் கட்டுரையிலும் வந்ததில்லை. சிறுவீட்டுக்காரர்களுக்கு வரிச்சலுகையை விரிவாக்க வேண்டும் என்ற கோரிக்கையை நான் முழுதாக ஆதரிக்கிறேன். ஆனால் அதை அந்தப் பையிலிருந்து தொடங்கிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

எவ்வளவு ஏறியது?

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் 1 அன்று சொத்துவரி உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். 15-ஆவது நிதி ஆணையத்தின் நிபந்தனை என்று அரசு காரணம் சொன்னது. சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதம் நிர்ணயிக்க வேண்டும், மாநிலத்தின் உற்பத்தி மதிப்பு வளரும் வேகத்தில் வரியும் வளர வேண்டும், அப்போதுதான் ஒன்றிய அரசின் மானியம் கிடைக்கும். அது உண்மைதான். ஆனால் அந்த வளர்ச்சியை யாரிடமிருந்து எடுப்பது என்று முடிவு செய்தது மாநிலம்.

வீடுகளில் 83 சதவீதம் 1200 சதுர அடிக்கு உட்பட்டவை, ஆகவே பெரும்பாலானோருக்குப் பாதிப்பு குறைவு என்றும் அப்போது விளக்கம் தரப்பட்டது. நான் அதே எண்ணை வேறு விதமாகப் படிக்கிறேன். இந்த மாநிலத்து நகரங்களில் பெரும்பாலானோர் சின்ன வீட்டில்தான் இருக்கிறார்கள்.

2024 அக்டோபரில் மேலும் 6 சதவீதம் ஏறியது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் விதிகளும் ஆண்டுதோறும் வரியை ஏற்ற வழி வைத்திருக்கின்றன. ஏதோ ஓர் ஆண்டில் அரசு அதை நிறுத்தி வைக்கலாம். விதி ஏட்டில் இருந்துகொண்டே இருக்கும். ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வைத்தால் 12 ஆண்டில் வரி இரட்டிப்பாகிவிடும். உப்பளக் கூலி அந்த வேகத்தில் ஏறுகிறதா என்று எங்கள் தெருவில் வந்து கேட்டுப் பாருங்கள்.

"அரையாண்டுக்கு 500 ரூபாய் ஒரு தொகையா?" என்று ஒரு கருத்தரங்கில் என்னிடம் கேட்டார்கள். வரி தனியாக வருவதில்லை. குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடைக் கட்டணம், குப்பைக் கட்டணம் என்று கூடவே வருகிறது. பாக்கி விழுந்தால் மாதம் 1 சதவீத வட்டி. குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்ற அறிவிப்பு. அன்றாடம் கூலி வாங்கும் வீட்டில் 500 ரூபாய் என்பது ஒரு நாள் அடுப்பு எரியாமல் இருப்பது.

கடலுக்கு ஒரு நாட்காட்டி, வரிக்கு ஒரு நாட்காட்டி

சொத்துவரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல் 1, அக்டோபர் 1 ஆகிய தேதிகளில் அரையாண்டு தொடங்கும். முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5000 ரூபாய்.

இப்போது தூத்துக்குடியின் நாட்காட்டியைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். படகுத் தொழிலாளி, ஐஸ் உடைப்பவர், மீன் கூடை சுமக்கும் பெண், வலை பின்னுபவர் எல்லோருக்கும் கை சும்மா இருக்கும். மீனவக் குடும்பத்துக்கு அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8000 ரூபாய். கூடை சுமப்பவருக்கு அதுவும் சந்தேகம்தான். அடுத்து அக்டோபர். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பளங்கள் நின்றுவிடும். அந்த மூன்று மாதமும் உப்பளத் தொழிலாளிக்கு வேலை இல்லை என்பதை ஏற்றுத்தான் அரசே 5000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தருகிறது.

அதாவது இந்த ஊரின் இரண்டு பெரிய உழைக்கும் கூட்டத்துக்குக் கையில் காசு இல்லாத மாதங்களைச் சரியாகப் பார்த்து ஊக்கத்தொகை வைத்தது போல் இருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. இது மாநிலம் முழுமைக்குமான விதி. விதி எழுதியவர்களின் கண்ணில் மாதச் சம்பளக்காரர் இருந்தார். உப்பளத்துக்காரர் இல்லை.

கணக்கையும் பாருங்கள். 5000 ரூபாய் ஊக்கத்தொகையை முழுதாக வாங்க அரையாண்டு வரி 1 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும். 500 ரூபாய் கட்டும் வீடு ஏப்ரலிலேயே கட்டினாலும் கிடைப்பது 25 ரூபாய். தள்ளிப்போனால் வட்டி. இருப்பவருக்குத் தள்ளுபடி, இல்லாதவருக்கு வட்டி. இதற்குப் பெயர் ஊக்கத்தொகை.

யாருடைய 'சொத்து'?

சொத்துவரியின் அடிப்படைக் கேள்வி இது: இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு என்ன கிடைக்கும்? தெருவின் மண்டல வகைப்பாடு, கட்டடத்தின் பரப்பு, பயன்பாடு, வயது எல்லாவற்றையும் வைத்து அந்த வாடகை மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். எங்கள் தெருவில் அந்தக் கேள்வியைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்கள் தெருவில் வீடு எடுத்து யார் குடிவரப்போகிறார்? ஊருக்குள் நாங்கள் வாடகைக்கு வீடு கேட்டால் "நீங்க என்ன ஆளுக?" என்ற கேள்வி முதலில் வரும். பதிலைச் சொன்னதும் வீடு வேறு ஆளுக்குப் பேசியாகிவிட்டது என்பார்கள். நான் வெளியூரில் ஆய்வுக்குப் போனபோது வீடு தேடி அலைந்த மூன்று மாதமும் இதைத்தான் கேட்டேன்.

அதனால் தலித் குடும்பங்களுக்குச் சொந்த வீடு என்பது முதலீடு ஆகாது. அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கும் வழி அது. ஊரின் ஓரத்தில், உப்பளத்தின் விளிம்பில், ஓடைக்கரையில், கிடைத்த இடத்தில் இரண்டு சென்ட், மூன்று சென்ட். ஆதிதிராவிடர் நலத்துறை ஒப்படைத்த மனையாக இருந்தால் நினைத்த ஆளுக்கு விற்க முடியாது. புறம்போக்காக இருந்தால் விற்கும் பேச்சுக்கே இடமில்லை. விற்க முடியாத, வாடகைக்கு விட முடியாத, வங்கியில் அடகு வைக்க முடியாத ஒன்றுக்குச் சட்டம் 'சொத்து' என்று பெயர் வைத்திருக்கிறது.

திரேஸ்புரத்திலும் இனிகோ நகரிலும் உள்ள மீனவக் குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கடலோரத்தில் இருப்பவர்களிலும் பலரிடம் காகிதம் இல்லை. இந்தக் கரையின் பழைய வரவுசெலவும் இப்படித்தான் இருந்தது. பிரிட்டிஷ் அரசு நடத்திய முத்துக்குளிப்பில் கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு அரசுக்கு. ஒன்று, மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கியவருக்கு. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கையில் இருப்பதைக் கேட்காமல் அரசின் பங்கை முதலில் எடுக்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

கோவில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றுக்குச் சொத்துவரி கிடையாது. கடவுள் வீட்டுக்கு விலக்கு என்பதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. மனிதர் குடியிருக்கும் 380 சதுர அடிக்கும் அதே கருணையைக் கேட்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

அம்பேத்கர் கேட்ட கேள்வி

1927 பிப்ரவரியில், பம்பாய் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராகச் சேர்ந்த புதிதில், அம்பேத்கர் பட்ஜெட் மீது பேசினார். நிலவரியைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது. வருமான வரியில் அந்த ஆண்டு வருமானம் இல்லாதவரிடம் யாரும் வரி கேட்பதில்லை. நிலவரியில் மட்டும் விளைந்ததா, பொய்த்ததா என்று பார்க்காமல் சிறு விவசாயியிடமும் ஏன் வாங்குகிறீர்கள்? பெரிய நிலக்காரருக்கும் துண்டு நிலக்காரருக்கும் ஒரே முறை எப்படி நியாயமாகும்?

ஏறத்தாழ நூறு ஆண்டு ஆகிவிட்டது. நிலவரியின் இடத்தில் சொத்துவரியை வைத்துப் படியுங்கள். வருமான வரிக்கு ஒரு வரம்பு இருக்கிறது. அதற்குக் கீழே யாரும் கட்ட வேண்டாம். சொத்துவரியில் அப்படி ஒரு தரை இல்லை. 600 சதுர அடிக்கு உயர்வு குறைவு என்கிறார்கள். உயர்வு குறைவாக இருப்பதும் வரியே இல்லாமல் இருப்பதும் ஒன்றாகாது. கட்டும் சக்தி இருக்கிறதா என்ற கேள்வியே அந்தப் படிவத்தில் கிடையாது.

மற்ற இடங்களில் அந்தத் தரையைப் போட்டிருக்கிறார்கள். மும்பையில் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்குச் சொத்துவரி கிடையாது என்று 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு அறிவித்தது. கேரளத்தில் 2023-இல் 60 சதுர மீட்டர், அதாவது சுமார் 646 சதுர அடி வரையுள்ள வீட்டில் தாமே குடியிருப்பவருக்கு விலக்கு வந்தது. ஒருவருக்கு ஒரு வீடு மட்டும். ஐதராபாத்தில் ஆண்டு வரி 1200 ரூபாய் வரை இருந்த வீடுகளுக்கு அதை 101 ரூபாயாகக் குறைத்தார்கள். தமிழ்நாடு இதில் பின்தங்கி நிற்க ஒரு காரணமும் இல்லை.

பணம் எங்கிருந்து வரும்?

இந்தக் கேள்வியை நாம்தான் முதலில் கேட்க வேண்டும். ஏனென்றால் மாநகராட்சியின் கஜானா வற்றினால் முதலில் அடிபடுவது தூய்மைப் பணியாளர். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்: பெரும்பாலும் தலித்துகள், அதிலும் அருந்ததியர். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்து தனியார்மயத்தை எதிர்த்தார்களே, அவர்களுடைய வேலை நிரந்தரம் உள்ளாட்சியின் வருவாயோடு கட்டப்பட்டிருக்கிறது. எங்கள் தெருவுக்குச் சாக்கடை வருவதும் அதே வருவாயில்தான். ஆகவே "வரியை ரத்து செய்" என்று மட்டும் முழங்கிவிட்டுப் போவது நம் அரசியலாக இருக்க முடியாது. அம்மாவின் 500 ரூபாயை மிச்சப்படுத்த இன்னொரு அம்மாவின் சம்பளத்தைப் பிடுங்கக் கூடாது.

வழி இருக்கிறது. விலக்கால் குறையும் தொகையை மாநில அரசு மானியமாக உள்ளாட்சிக்கு ஈடுகட்ட வேண்டும். சலுகையை அறிவிக்கும் அரசே செலவையும் ஏற்பதுதான் முறை. இன்னொரு வழி மேலே இருக்கிறது. தூத்துக்குடி துறைமுக நகரம். கிடங்குகள், சரக்குப் பெட்டக நிலையங்கள், கல்யாண மண்டபங்கள், நெடுஞ்சாலையோரம் விலை ஏறட்டும் என்று வேலி போட்டு வைத்திருக்கும் காலிமனைகள். ஒவ்வொன்றின் அளவும் ஏட்டில் சரியாக ஏறியிருக்கிறதா, காலிமனை வரி ஒழுங்காக வருகிறதா என்று வார்டு வாரியாக வெளியிடச் சொல்ல வேண்டும். எங்கள் தகரத் திண்ணையை டேப் வைத்து அளந்தவர்களுக்கு ஒரு கிடங்கை அளப்பது கடினமான வேலை இல்லை.

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் சொத்துவரி வரலாற்றை ஆண்ட்ரூ கார்ல் 2024-இல் 'தி பிளாக் டாக்ஸ்' என்ற நூலாக எழுதினார். கறுப்பர்களின் வீட்டுக்கு மதிப்பை ஏற்றிப் போடுவது, பாக்கிக்காக நிலத்தை ஏலத்தில் விடுவது என்று 150 ஆண்டுக் கதை. ஒரே ஊரில், ஒரே வரி விகிதத்தில், கறுப்பின, ஹிஸ்பானிக் குடும்பங்கள் 10 முதல் 13 சதவீதம் கூடுதல் சுமையைத் தாங்குகின்றன என்று அங்கே ஒரு ஆய்வு கண்டறிந்தது. யாரோ ஒருவர் வெறுப்போடு உட்கார்ந்து செய்வதால் மட்டும் நடப்பதில்லை. மதிப்பிடும் முறையே அப்படி இருக்கிறது, மேல்முறையீடு செய்யும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதும் சேர்கிறது. அங்கே இதைக் கண்டுபிடிக்கத் தரவு இருந்தது. இங்கே எந்தத் தெருவில் எந்த விகிதம், எந்தத் தெருவில் எவ்வளவு பாக்கி, அந்தத் தெருக்களில் யார் வாழ்கிறார்கள் என்று ஒன்றாக வைத்துப் பார்க்கவே யாரும் இல்லை. நம் தோழர்கள் தகவல் உரிமை மனு போட ஆரம்பிக்கலாம்.

சலுகை எப்படி இருக்க வேண்டும்?

முதலாவது, 600 சதுர அடி வரை, தாமே குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு வரி பூஜ்யம். கடற்கரைச் சாலையில் சின்ன ஃபிளாட் வாங்கிப் போட்டிருக்கும் வசதியானவரும் இதில் நுழைவாரே என்று கேட்கலாம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2023-இலேயே ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களின் பட்டியலை அரசு தயாரித்துவிட்டது. அதையே எடுத்துக்கொள்ளலாம். இதற்கென்று புதிதாக வருமானச் சான்றிதழ் வாங்க மறுபடியும் எங்களை வரிசையில் நிறுத்த வேண்டாம்.

இரண்டாவது, அந்த 600 சதுர அடியை ஒரு குடும்பத்துக்கு என்று கணக்கிட வேண்டும். இடம் வாங்க வழியில்லாமல் அண்ணன் கீழே, தம்பி மாடியில் என்று கட்டினால் பரப்பு 900 ஆகி மேல் படிக்குப் போய்விடுகிறது. அதுபோலத் திண்ணையில் இட்லிக் கடை போட்ட பெண்ணின் வீட்டை வணிகக் கட்டடம் என்று எழுதக் கூடாது.

மூன்றாவது, வரி கட்ட வேண்டியவர்களுக்கும் தடைக்காலத்திலும் மழைக்காலத்திலும் வட்டி ஓடக் கூடாது. ஊக்கத்தொகைக்கான 30 நாளை அந்தந்த ஊரின் தொழிலைப் பார்த்துத் தள்ளி வைக்கலாம்.

நான்காவதுதான் எனக்கு முக்கியம். வரி பூஜ்யமானாலும் வரிவிதிப்பு எண் இருக்க வேண்டும். ஒவ்வொரு அரையாண்டும் "செலுத்த வேண்டியது: 0" என்று அச்சிட்ட ரசீது கையில் வர வேண்டும். பட்டா இல்லாதவருக்கும், தாத்தா பெயரிலேயே வீடு இருந்து பெயர் மாற்றம் ஆகாதவருக்கும், குடியிருப்பவர் பெயரில்.

சொத்துவரி ரசீது நில உரிமைக்கான ஆவணம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. அம்மாவுக்கும் அது தெரியும். ஆனால் மின் இணைப்புக்கு, குடிநீருக்கு, முகவரிக்கு, வெள்ள நிவாரணப் பட்டியலுக்கு, நாளை ஓடையை அகலப்படுத்துகிறோம் என்று பொக்லைன் வந்து நிற்கும்போது "எத்தனை வருசமா இருக்கீங்க?" என்ற கேள்விக்கு, அந்த ரசீதுக் கட்டுதான் பதில். விலக்கு என்ற பெயரில் எங்கள் வீடுகளை ஏட்டிலிருந்தே எடுத்துவிட்டால் அது சலுகையாக இருக்காது. வெளியேற்றுவதற்கு எளிதான வழியாகிவிடும். ஐதராபாத்தில் 101 ரூபாய் வாங்கியதில் எனக்குப் பிடித்தது அதுதான். தொகை பெயரளவுக்கு, வீடு ஏட்டில் நிற்கிறது.

இந்தச் சலுகையும் வாடகை வீட்டில் இருப்பவரைத் தொடாது. வீட்டு மறுப்பு என்ற தீண்டாமையைத் தீர்க்காது. பட்டாவுக்கு மாற்றாகவும் ஆகாது. பட்டா கேட்கும் போராட்டத்தை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. அதுவரைக்கும், காசு இல்லாத மாதத்தில் கடன் வாங்கிச் சாட்சியை விலைக்கு வாங்கும் நிலையாவது ஒழியட்டும்.

வெள்ளம் வடிந்த மறுநாள் அம்மா ரசீதுகளை ஒவ்வொன்றாகத் திண்ணையில் பரப்பிக் காயவைத்தார். காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் உப்பு. பழைய ரசீதுகளில் மை கலங்கி எண்கள் தெரியவில்லை. அம்மா அதையும் மடித்து மறுபடி பையில் வைத்தார்.